மோப்பம் பிடித்த சட்டைப் பொத்தான்

"எங்க மச்சான் யானைக்குட்டி எடை. அவரை எமன் வாயிலேருந்து காலரைப் புடிச்சு வெளியே இழுத்துப் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? ஆளு இல்ல தம்பி. என் சட்டைப் பொத்தான்."

பம்பு மெக்கானிக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கடைக்குள் தையல்காரர் மிஷினை மிதிப்பதை நிறுத்தி, இன்றைக்கும் ஆரம்பிச்சாச்சா என்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். சொன்னவர் மட்டும் துளிக்கூட அசரவில்லை. கழுத்தை முன்னால் தள்ளி, சட்டையின் முதல் பொத்தானைப் புது மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவதுபோல மெக்கானிக்கிடம் காட்டினார்.

அந்தக் கட்டடத்தில் அவரைக் கப்ஸா மாமா என்று கூப்பிடாத வாய் கிடையாது. ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆலையில் பம்பு ஓட்டியவர். அவர் பேச்சைக் கேட்டால், சமுத்திரத்தையே ஒரு கரையிலிருந்து இறைத்து மறு கரையில் கொட்டியவர் என்று தோன்றும். கொசு கடித்தால், அது தன்னைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரைக்கும் போனதாகவும், வெயிட் தாங்காமல் இறக்கிவிட்டதாகவும் சொல்வார். ஆனால் யாரையும் கெடுக்கப் பொய் சொன்னதில்லை. நடந்த விஷயத்தை நடந்தபடியே வெளியே விடுவது, பிள்ளையைத் தலை வாராமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி என்பது அவர் கட்சி. ஒரு சீவு சீவி, பவுடர் போட்டுத்தான் அனுப்புவார்.

"டீயைக் குடிங்க தம்பி. காதுல விழுந்ததை இந்தப் பக்கமா விட்டுடுங்க" என்று பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரர்தான் அந்த யானைக்குட்டி. கப்ஸா மாமாவின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கும் பிரிவில், பேர்பெற்ற மல்லிகை சோப்புக்குக் கலவை போட்டுக் காலத்தைக் கழித்தவர். மனைவி போனபின் தங்கை வீட்டுக்கு மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். சாப்பாடு மட்டும் கீழே. அவர் மூக்கு இருக்கிறதே, அது மூக்கு இல்லை, ஒரு தனி இலாகா. தன் வீட்டு ஜன்னலோரம் நின்றபடி, எந்த வீட்டில் பால் அடிப்பிடிக்கிறது என்று கதவு எண்ணோடு சொல்லுவார். பிடிப்பதற்கு முந்தின நாளே சொல்லுவார் என்பது கப்ஸா மாமாவின் கூடுதல் தகவல். அதைவிடப் பெரிய பெருமை, மச்சான் வாயில் பொய் வராது. மணி கேட்டால்கூட, "என் வாட்ச் கொஞ்சம் வேகமா ஓடும், அதையும் கழிச்சுக்குங்க" என்று சேர்த்துத்தான் சொல்லுவார்.

"அப்ப உங்களைக் காப்பாத்தினது யாரு சார்?" என்றார் மெக்கானிக்.

"சோப்புக் கம்பெனி ஆள்."

"எந்த ஆள்?"

"அதுதான் தெரியலை. நான் மேலே வர்றதுக்குள்ள போயிட்டார். என்னிக்காவது கண்ணுல பட்டா அவரை ரெண்டு திட்டு திட்டணும், அப்புறம் ஒரு கும்பிடு போடணும்."

உலகத்தில் எத்தனையோ பேர் தன்னை நம்பாதது கப்ஸா மாமாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. நம்பிவிட்டால்தான் சப்பென்று போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், மச்சான் வாயால் ஒரே ஒரு தடவை 'ஆமா, நடந்தது' என்று கேட்கவேண்டும் என்று கிடந்து தவித்தார். தனக்காக இல்லை. அந்தப் பொத்தானைச் செய்து கொடுத்த மகளுக்காக. அவள் ஒவ்வொரு முறை தொலைபேசும்போதும், மற்ற எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்பாள்: "மாமா ஏதாவது சொன்னாங்களாப்பா?" சின்ன வயசில் அந்த மாமன் தோளிலிருந்து இறங்காமல் குதிரை ஓட்டியவள். ஊரே பாராட்டினாலும் தாய்மாமன் தலையாட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

பொத்தான் வந்த கதை இது.

மகளுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கெட்ட வாயு கசிந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டிக்கொடுக்கும் ஒரு சமாசாரத்தைப் பல பேரோடு சேர்ந்து செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவை விடுமுறையில் வந்தபோது, பச்சையாய் மின்னும் ஒரு வட்டச் சில்லை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்குள்ள திரவப் படிகம் இருக்குப்பா. தண்ணி மாதிரி ஓடும், ஆனா கல்லு மாதிரி ஒழுங்கா அடுக்கியிருக்கும். டிவி திரையில இருக்கிற அதே ஜாதிதான்."

"ஓடணும்னா ஓடட்டும், நிக்கணும்னா நிக்கட்டும். ரெண்டும் எப்படி?"

அவள் யோசித்தாள். அப்பாவுக்கு எப்படிச் சொன்னால் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். "பஸ் ஸ்டாப்புல வரிசை நிக்குதுன்னு வெச்சுக்குங்க. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. திடீர்னு ஒருத்தன் நடுவுல புகுந்தா என்ன ஆகும்?"

"அத்தனை பேரும் திரும்பி அவனை முறைப்பாங்க."

"அவ்வளவுதான். கெட்ட வாயு நடுவுல புகுந்தா இதுக்குள்ள வரிசை திரும்பிடும். வரிசை திரும்பினா வெளிச்சம் போற வழி மாறும். நிறம் மாறிடும். பாட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம். பார்க்கிறதுக்கு வெளிச்சம் மட்டும் வேணும்."

கட்டடத்துக் கழிவுநீர் முழுவதும் அடித்தளத்துத் தொட்டியில் வந்து சேர்ந்து, பம்பு வழியாகத் தெருக் குழாய்க்கு ஏறும். பழைய தொழில் விடாமல், சம்பளமில்லாமல் அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்பவர் கப்ஸா மாமா. அங்கேதான் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு சேரும். அதற்காகத்தான் மகள் கொண்டுவந்தாள். ஜேபியில் குத்திக்கொள்ளச் சொன்னாள். இவரோ, அவள் ரயிலேறியதும் முதல் வேலையாக மனைவியிடம் கொடுத்து, சட்டையின் முதல் பொத்தானை வெட்டியெறிந்துவிட்டு அந்த இடத்தில் தைக்கச் சொன்னார். "மூக்குக்குக் கீழேயே இன்னொரு மூக்கு. மச்சானுக்கு ஒண்ணுதான்."

அந்த வாரமே மானம் கப்பலேறியது. தையல்காரர் கடையில் இஸ்திரி மேஜைமேல் சாய்ந்து, தான் ஒரு முதலையோடு சண்டை போட்டதை விவரித்துக்கொண்டிருந்தவர், குனிந்து பார்த்தார். பச்சைப் பொத்தான் செக்கச்செவேல் என்றிருந்தது. அடுத்த கணம் அவர் போட்ட கூச்சலில் கட்டடமே தெருவுக்கு வந்துவிட்டது. ஒருவர் முகத்தில் பாதி சவரம். இன்னொருவர் இடுப்பில் துண்டு, கையில் வாளி. மச்சான் மட்டும் நிதானமாக இறங்கி வந்து, காற்றை ஒரு இழு இழுத்து, தீர்ப்புச் சொன்னார்: "சூடான துணி. கொஞ்சம் கஞ்சி. வேற ஒண்ணும் இல்ல."

விஷயத்தைக் கேட்டு மகள் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதுப்பா. சூட்டுலயும் அந்த வரிசை கலையும். உங்க இஸ்திரிப் பெட்டி எனக்குப் பாடம் சொல்லிடுச்சு" என்றாள். அடுத்து அவள் அனுப்பிய பொத்தானில் இரண்டு கண்கள் இருந்தன. ஒன்று காற்று போகிற மாதிரி திறந்தது. மற்றது கண்ணாடி போட்டு மூடியது. "ரெண்டும் சேர்ந்து சிவந்தா சூடு. கவலைப்படாதீங்க. மூடின கண்ணு பச்சையா இருக்க, திறந்த கண்ணு மட்டும் சிவந்தா, அப்ப யோசிக்கவே யோசிக்காதீங்க. இன்னொண்ணுப்பா. அந்த வாயு அதிகமானா மூக்கு மரத்துப்போயிடும். நாத்தம் திடீர்னு நின்னா நல்லதுன்னு நினைக்காதீங்க. யாராவது உள்ளே மாட்டினா, இழுக்கிறேன்னு நீங்களும் இறங்காதீங்க. ரெண்டு பேரும் போயிடுவீங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியதெல்லாம் நினைவிருந்தது என்பதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய ஆச்சரியம்.

பல நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு காலை, பம்பு நின்றுபோய், நாற்றம் மாடிப்படி ஏறி வந்தது. இரண்டு பேரும் அடித்தளத்துக்குப் போனார்கள். "இது பம்பு இல்ல மாப்பிள்ளை. தொட்டி மூடியில எங்கேயோ விட்டுப்போயிருக்கு. இடத்தை நான் காட்டுறேன்" என்று, கைக்குட்டையைக்கூட மூக்கில் வைக்காமல் மச்சான் படியிறங்கிப் பம்பறைக்குள் போய்விட்டார். கப்ஸா மாமா மேல்படியில் நின்று, எரியாத டார்ச்சைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிய தட்டில் அது எரிந்து, அவர் நெஞ்சிலேயே வெளிச்சம் அடித்தது. குனிந்தார். ஒரு கண் பச்சை. ஒரு கண் சிவப்பு.

"மச்சான், மேலே வாங்க."

"எதுக்கு? நாத்தமே போயிடுச்சு மாப்பிள்ளை. சுத்தமா இல்ல. கொஞ்சம் இருங்க, மூடியைத் திறந்தே பார்த்துடுறேன்."

நாற்றம் நின்றால் நல்லதில்லை என்று மகள் சொன்னது கப்ஸா மாமாவுக்கு உறைத்தது. "பொத்தான் சிவந்திருக்கு. மூடின கண்ணு பச்சையா இருக்கு. சத்தியமா சொல்றேன், வந்துடுங்க."

"இங்கேயும் யாராவது இஸ்திரி போடுறாங்களா?" கீழே சிரிப்பு கேட்டது. சிரிப்பில் கொஞ்சம் குழறல் இருந்தது.

பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தைச் சீவாமல், பவுடர் போடாமல் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அது விலை போகவில்லை. இறங்கி இழுக்கலாம் என்று கால் பரபரத்தது. மகளின் குரல் காலைப் பிடித்துக்கொண்டது. கெஞ்சினார். தங்கை கூப்பிடுகிறாள் என்றார். "வர்றேன்னு சொல்லுங்க" என்று பதில் வந்தது. அப்போதுதான் அவருக்குத் தன் கையிலிருக்கும் ஒரே கருவி நினைவுக்கு வந்தது.

"மச்சான், மேலே சோப்புக் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்திருக்கார். அந்த மல்லிகை சோப்பு இருக்கே, அந்தக் கலவை உங்களோடது இல்லையாம். உங்க உதவியாள் போட்டதாம். நீங்க பேரை மட்டும் தட்டிக்கிட்டீங்களாம்."

கீழே, எருமை கிளம்புவதுபோல ஒரு கிளம்பல்.

"எவன் அவன்? அப்படியே நிக்கச் சொல்லுங்க."

மச்சான் படியேறினார். கோபம்தான் அவரை ஏற்றியது, கால் ஏற்றவில்லை. கடைசிப் படிகளில் முழங்கால் மடங்கியது. கப்ஸா மாமா எட்டி அவர் காலரைப் பிடித்து, மல்லாக்க விழுந்து, தன்மேலேயே அவரைப் போட்டுக்கொண்டு, உதைத்துக் கதவைச் சாத்தினார். தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கியபோது, அவர்கள் கையிலிருந்த கருவி அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டது. அடுத்த ஊர் வரை என்று கப்ஸா மாமா சொல்வது கொஞ்சம் அதிகம். அவர்களில் பெரியவர் மச்சானைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மச்சானின் கட்சி இதுதான்: வாயு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொத்தான் சிவந்ததைப் பார்த்தது மாப்பிள்ளை ஒருவர்தான். மாப்பிள்ளை சொன்னால் நம்ப நான் என்ன பைத்தியமா? சோப்புக் கம்பெனி ஆள் வந்தார், அதனால் பிழைத்தேன். அவருக்குத்தான் நன்றி.

அந்த ஆளே தன் கப்ஸா என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கப்ஸா மாமா சொன்னால் யார் நம்புவார்கள்? தவிர, மாடியிலிருந்து யானைக்குட்டி படி அதிர இறங்கி வந்து, சாப்பாட்டில் உப்பு கம்மி என்று தங்கையிடம் சொல்லும் ஒவ்வொரு மத்தியானமும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நன்றி பொங்கும். சண்டை போட மச்சான் இருக்கிறார். அது போதும் என்று இருந்துவிடுவார். அப்புறம் தொலைபேசி வரும், மகள் கேட்பாள், போதாது என்று தோன்றும்.

தேநீர் முடிந்தது. மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பம்பு மறுபடி மக்கர் செய்ததால்தான் அவரை வரவழைத்திருந்தார்கள்.

"இதைக் குத்திக்கிட்டுப் போங்க தம்பி" என்று கப்ஸா மாமா பொத்தானின் தையலைப் பிய்க்கப் போனார்.

"காப்பாத்துறேன்னு என்னையும் யானைக்குட்டி ஆக்கிடுவீங்க. வேண்டாம் சார்" என்று சிரித்துக்கொண்டே அடித்தளத்துக்கு இறங்கினார் அவர். முதல் காரியமாக மெயினை அணைத்தார். கரண்டு இருக்கையில் பம்பில் கைவைக்கக் கூடாது. அது அவர் தொழில் ஒழுக்கம். அணைத்ததும், போன தடவை நடந்ததற்குப் பிறகு வாயுவை வெளியே தள்ளுவதற்காக மாட்டிய காற்றாடியும் சேர்ந்து நின்றது. அது அவருக்குத் தெரியாது.

கப்ஸா மாமா பின்னாலேயே போய் மேல்படியில் நின்றுகொண்டார். நாற்றம் என்றால் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியாத மச்சானும் செய்தித்தாளோடு வந்து சேர்ந்தார். கீழே மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பப்பா, குடலைப் புரட்டுது" என்றார் மெக்கானிக். ஸ்பானர் உரசும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்ல சார், நாத்தம் நின்னுடுச்சு. இன்னும் கொஞ்சம்தான், முடிச்சுட்டு வந்துடுறேன்."

கப்ஸா மாமா டார்ச்சை நெஞ்சில் அடித்தார். ஒரு கண் பச்சை, ஒரு கண் சிவப்பு.

"தம்பி, உடனே மேலே வாங்க. பொத்தான் சிவந்துடுச்சு."

கீழே சிரிப்பு. "யானைக்குட்டியைத்தானே இழுக்கும்? நான் ஒல்லி சார்."

கப்ஸா மாமா வாயைத் திறந்தார். ஒரு பொய்யும் வரவில்லை. ஒருவரை ஏமாற்றவேண்டுமென்றால் அவருக்கு எங்கே வலிக்கும், எங்கே இனிக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். இந்த ஆளை அவர் இன்று காலைதான் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஊற்றெடுத்த கப்ஸா வேண்டிய நேரத்தில் வற்றிப்போக, அவர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

மச்சான் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாகக் குனிந்து, கண்ணுக்குக் கண் பார்த்தார். செய்தித்தாளைக் கீழே போட்டார்.

"தம்பி, நான் பேசுறேன், யானைக்குட்டி. நாத்தம் நிக்கலை. உங்க மூக்குதான் நின்னுடுச்சு. இதே இடத்துல என் மூக்கு என்கிட்ட பொய் சொல்லிச்சு, நானும் நம்பினேன். நான் பொய் சொல்றவன் இல்லைன்னு தையல்காரர் சொல்லியிருப்பார். சாமானைப் போட்டுட்டு வாங்க."

ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு காலடி. மெக்கானிக் சுவரைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார், முகம் வெளுத்திருந்தது. இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தெருவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தி, தீயணைப்புக்கும் டாக்டருக்கும் சொல்லி அனுப்பினார்கள். காற்று பட்டதும் மெக்கானிக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியது. தையல்காரர் கொடுத்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, அவர் கப்ஸா மாமாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமலே மச்சானிடம் கேட்டார்: "அப்ப அந்த சோப்புக் கம்பெனி ஆள்?"

மச்சான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்படி யாரும் வரலை தம்பி. எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும். மல்லிகைக் கலவையை என் உதவியாள் போட்டான்னு மாப்பிள்ளை சொன்னார். எனக்கு உதவியாள்னு ஒருத்தன் இருந்ததே இல்லை. கடைசி வரைக்கும் தனியாத்தான் கலக்கினேன். அது கப்ஸான்னா, என்னை மேலே வரவழைக்க மாப்பிள்ளைக்கு ஒரு காரணம் இருந்திருக்கணும். பொத்தானைத் தவிர வேற என்ன காரணம்?"

"தெரிஞ்சுமா இத்தனை நாளா என்னைக் காய வெச்சீங்க?" என்றார் கப்ஸா மாமா.

"எனக்குன்னு இருந்தது ஒரு மூக்கு மாப்பிள்ளை. அதுவும் தோத்துதுன்னு எப்படி வாயால சொல்றது? என் வாழ்க்கையில நான் சொன்ன ஒரே பொய் அந்த ஆள்தான்." மச்சான் கைநீட்டி, அந்தப் பொத்தானை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். திறந்த கண் வெளிக்காற்றில் மெல்லப் பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. "போனைப் போடுங்க. நம்ம பொண்ணுகிட்ட நானே பேசுறேன். எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லணும்."

போன் மணி அடித்துக்கொண்டிருக்கையில் அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை காலையில உங்ககிட்ட சொன்னது அத்தனையும் நடந்தது தம்பி. யானைக்குட்டிங்கிறது மட்டும் கொஞ்சம் அதிகம்."